"ஜே.ஜே நெசமான ஆளா?" - 1981-ல கேட்ட கேள்வி, இப்போ தாயில்பட்டியில!

எங்க சித்தப்பா பட்டாசு ஆபீஸ்ல மருந்துக் கலவை ரூம்ல வேலை பார்த்தவர். (எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். கம்ப்யூட்டர் இருக்காது, கந்தகம் இருக்கும். ஆனாலும் ஆபீஸ்.) காலையில தூக்குவாளியை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்போது சித்தி வாசல்ல நின்னு, "எப்ப வருவீக?"ன்னு கேப்பாங்க. அதுக்கு அவர், "முழுசா வர்றேனா, பார்சலா வர்றேனான்னு சாயங்காலம் தெரியும்"பார். சித்தி சில நாள் சிரிப்பாங்க. சில நாள் பாத்திரத்தை நங்குன்னு வைக்கிற சத்தம் மட்டும் வரும்.

இந்த வகைச் சிரிப்புக்குத்தான் இப்போ 'டார்க் காமெடி'ன்னு பேரு. ஓடிடி-யில தனிப் பிரிவு, மீம்ஸ்ல தனிக் கணக்கு எல்லாம் இருக்கு. ஆனா, தமிழ்ல ஒரு நாவல் இந்தச் சிரிப்பை எடுத்துக்கிட்டு வந்து, அதைப் படிச்சவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு பல வருஷம் சண்டை போட்ட கதை உங்களுக்குத் தெரியுமா? சுந்தர ராமசாமி எழுதின 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-ல க்ரியா பதிப்பகம் வெளியிட்ட, அவரோட ரெண்டாவது நாவல்.

தீபாவளி முடிஞ்ச கையோட தாயில்பட்டி பக்கம் வந்தீங்கன்னா ஊரே சோம்பல் முறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஆபீஸ் வேன் ஓடாது, டீக்கடை பெஞ்சு காலியாகாது. அப்படி ஒரு லீவுல மூணு பேர்கிட்ட இந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தன் பட்டாசு ஆபீஸ்ல கணக்கு எழுதுற என் தம்பி, சித்தப்பா மகன். அடுத்தது பி.எட் முடிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கிற மதினி. மூணாவது, எனக்குப் பத்தாவதுல தமிழ் எடுத்த வாத்தியார். ரிட்டயர் ஆகிட்டார், கட்சிக்காரர், இலக்கியக் கூட்டம் எங்க நடந்தாலும் மஞ்சப்பையோட முதல் வரிசையில இருப்பார். மூணு பேரும் என்ன சொன்னாங்கங்கிறதை விட எனக்கு ஆச்சர்யமா இருந்தது வேற ஒண்ணு. அவங்க சொன்ன மூணும், அந்த நாவல் வந்தப்போ தமிழ் வாசகர்கள் சொன்ன அதே மூணு!

ரெண்டாவது நாவல்னா ஏன் உதறல்?

சினிமாவுல முதல் படம் ஹிட் கொடுத்த டைரக்டர் ரெண்டாவது படத்துக்கு எப்படி முழிப்பார்னு பார்த்திருப்பீங்க. நாவலாசிரியர்களுக்கும் அதே கதைதான். முதல் நாவல் எழுதும்போது யாரும் உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறதில்லை. ரெண்டாவதுக்கு ஒரு கூட்டமே வாசல்ல நிக்கும், அதுவும் முதல் நாவல் மாதிரியே இன்னொண்ணு வேணும்னு.

சுந்தர ராமசாமியோட முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-ல வந்துச்சு. நாகர்கோவில் சாயல்ல ஒரு ஊர், முச்சந்தியில ஒரு புளியமரம், அதைச் சுத்தி நடக்கிற வியாபாரம், அரசியல், வம்பு. தாமோதர ஆசான்னு ஒரு கதைசொல்லி வருவார் பாருங்க, நம்ம ஊர்த் திண்ணையில இருந்து எழுந்து போன ஆள் மாதிரியே இருப்பார். யாரு படிச்சாலும் ஒட்டிக்கும். ஹீப்ரு மொழி வரைக்கும் அந்த நாவல் போயிருக்கு.

அப்புறம் 15 வருஷம். நடுவுல சிறுகதை எழுதினார், 'பசுவய்யா'ங்கிற பேர்ல கவிதை எழுதினார், சில வருஷம் எதுவுமே எழுதாம நாகர்கோவில்ல ஜவுளிக்கடையைப் பார்த்துக்கிட்டார். இன்னொரு புளியமரம் வரும்னு காத்திருந்தவங்க கையில 1981-ல கிடைச்சது, கதைன்னு ஒண்ணு நேர்கோட்டுல இல்லாத, பாதி டைரிக் குறிப்பா இருக்கிற ஒரு புத்தகம். அதுவும் ஒரு மலையாள எழுத்தாளனைப் பத்தி!

இதே மாதிரி அமெரிக்காவுலயும் நடந்திருக்கு. 'கேட்ச் 22' எழுதின ஜோசப் ஹெல்லரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. போரைக் கிண்டல் பண்ணின அந்த முதல் நாவல் 1961-ல வந்துச்சு. ரெண்டாவது நாவல் 'சம்திங் ஹேப்பண்டு' வர 13 வருஷம் ஆச்சு, 1974-ல. போர்க்களம் இல்லை, குண்டு இல்லை. ஒரு ஆபீஸ், ஒரு குடும்பம், உள்ளுக்குள்ளேயே அழுகிட்டு இருக்கிற ஒரு மனுஷன். எங்க ஆபீஸ்ல யார் யாருக்கு யாரைப் பார்த்தா பயம்னு அவன் கணக்கு போடுற இடம் ஒண்ணு வரும். சிரிச்சு முடிச்சதும் வயித்தைப் பிசையும். பழைய சிரிப்பைத் தேடிப் போனவங்க பலர் ஏமாந்தாங்க. முதல் நாவலை விட இதுதான் ஒசத்தின்னு சொல்ற வாசகர்கள் இன்னிக்கும் இருக்காங்க.

"கூகுள்ல தேடினேன்ணே, ஆளைக் காணோம்"

தம்பி நாலு நாள்ல போன் பண்ணான். "அண்ணே, இந்த ஜே.ஜே நெசமான ஆளா? கூகுள்ல போட்டா புத்தகம்தான் வருது, ஆளு வர மாட்டேங்கிறாரு."

அவனைத் தப்பு சொல்ல முடியாது. நாவல் தொடங்குறதே ஒரு மரணச் செய்தியோடதான். ஜோசப் ஜேம்ஸ்ங்கிற எழுத்தாளன் 1960 ஜனவரி 5-ம் தேதி செத்துப் போறான். அதுக்கு முந்தின நாள்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூ கார் விபத்துல இறந்திருப்பார். காம்யூ இறந்தது நிஜம், தேதியும் நிஜம். அந்த நிஜத்துக்குப் பக்கத்து நாற்காலியில கற்பனையைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுட்டார் சுந்தர ராமசாமி. அப்புறம் நமக்கு எப்படி சந்தேகம் வரும்? பாலுங்கிற தமிழ் எழுத்தாளர், ஜே.ஜே-யைப் பத்தித் தெரிஞ்சுக்க கேரளாவுல ஆள் ஆளாப் போய்ப் பார்க்கிறார், விசாரிக்கிறார், குறிப்பு எடுக்கிறார். ரெண்டாவது பகுதியில ஜே.ஜே-யோட டைரியே வந்துடுது. இப்போ யூடியூப்ல 'உண்மைச் சம்பவம்'னு போட்டுப் பொய்க் கதையை ஆவணப்படம் மாதிரி எடுக்கிறாங்களே, அந்த உத்தியை மனுஷன் அப்பவே பேனாவுல பண்ணிட்டார்.

1981-லயும் இதே கேள்விதான். ஜே.ஜே யாரு? பலர் கைகாட்டினது சி.ஜே. தாமஸை. மலையாளத்துல பெரிய நாடகாசிரியர், விமர்சகர். '1128-ல் கிரைம் 27'னு ஒரு நாடகம் எழுதினவர். கொலை வழக்கையும் சாவையும் வெச்சே சிரிக்க வெக்கிற நாடகம் அது. அவரும் 1960-லதான் இறந்தார். பேர்ல வேற அந்த 'ஜே' இருக்கு. போதாதா? கூடவே, நாவல்ல வர்ற முல்லைக்கல் மாதவன் நாயர் யாரு, மத்த எழுத்தாளர்கள் எல்லாம் யாரு யாருன்னு ஒரு கண்டுபிடிப்புப் போட்டியே நடந்துச்சு.

என்னைக் கேட்டா, அந்த விளையாட்டு சுவாரஸ்யம்தான், ஆனா நாவலுக்கு அதனால நஷ்டம். 'யாரு'ன்னு தேடுறவன் 'என்ன'ங்கிறதை விட்டுடுவான். தம்பிகிட்ட, "ஆள் கற்பனைடா"ன்னு சொன்னதும் அவன் குரல் இறங்கிடுச்சு. "அப்போ செத்தது பொய்யாண்ணே?"ன்னான். எனக்கு என்னமோ அந்தக் கேள்விதான் புத்தகத்துக்குக் கிடைச்ச பெரிய பாராட்டுன்னு தோணுச்சு.

சிரிச்சவங்களும் சிரிக்கப்பட்டவங்களும்

மதினி முதல் 50 பக்கத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டாங்க. "வாக்கியம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஒவ்வொரு பக்கமும் என்னை எக்ஸாம் வெக்கிற மாதிரி இருக்கு தம்பி." ஒரு வாரம் கழிச்சு அவங்களே மறுபடி எடுத்தாங்க. காரணம், ஒரு ஜோக்.

எழுத்தாளர்கள் கூடுற ஒரு இடத்துல பாலு, தான் கடவுள் மாதிரி நினைக்கிற ஜே.ஜே-யைச் சந்திக்கிறார். தமிழ் எழுத்தாளர்னு அறிமுகம் ஆகுது. உடனே ஜே.ஜே ரொம்ப அக்கறையா விசாரிக்கிறான், சிவகாமி அம்மாளோட சபதம் நிறைவேறிடுச்சான்னு! கல்கியோட 'சிவகாமியின் சபதம்' 1940-கள்ல வாராவாரம் தொடரா வந்து தமிழ்நாட்டையே கட்டிப் போட்ட நாவல். பாலுவுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. நீங்க உயிரைக் கொடுத்து எழுதுற மொழியைப் பத்தி, நீங்க மதிக்கிற ஒருத்தனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுலயும் கிண்டல்.

இந்த ஒரு இடம் மட்டும் தமிழ் இலக்கியக் கூட்டங்கள்ல எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கும்னு கணக்கே கிடையாது. கல்கி ரசிகர்களுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வாரப் பத்திரிகைத் தொடர்கள், சரித்திர நாவல்கள், பட்டம் சூட்டிக்கிற எழுத்தாளர்கள், மேடைப் பேச்சுன்னு நாவல் ஒருத்தரையும் விட்டு வைக்கலை. (நீங்க இதைப் படிச்சிட்டு இருக்கிறதே ஒரு வாரப் பத்திரிகையோட இணையதளத்துலதான். அந்தக் கிண்டல்ல எங்களுக்கும் பங்கு உண்டு. வாங்கிக்கிட்டோம்.)

இன்னொரு பக்கம், இருபது வயசுப் பையன்கள் இந்த நாவலைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. சிறுபத்திரிகைகள் சில நூறு பிரதிகள் அச்சான காலம் அது. புத்தகம் கை மாறிக் கை மாறிப் போச்சு. ஜே.ஜே டைரியில இருந்து வரிகளை நோட்டுல எழுதி வெச்சாங்க, நண்பர்களுக்குக் கடிதத்துல எழுதினாங்க. நாம ஸ்டேட்டஸ் வெக்கிறோமே, அதேதான். சிலர் ஜே.ஜே மாதிரியே பேச ஆரம்பிச்சாங்க, எழுத ஆரம்பிச்சாங்க. எதைப் பார்த்தாலும் 'இது போலி'ன்னு சொல்ற ஒரு மூட்! அந்தப் பாதிப்பு ஒரு தலைமுறை எழுத்தாளர்களோட உரைநடையிலயே தெரியும். 'சில குறிப்புகள்'ங்கிற வாலை ஒட்டின தலைப்புகள் இப்பவும் கண்ணுல படுது.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? யாரையும் வழிபடாதே, எதையும் கேள்வி கேளுன்னு சொல்ற ஒரு பாத்திரத்தை வாசகர்கள் வழிபட்டாங்க. பாலு நாவலுக்குள்ள செஞ்சதையே வாசகர்கள் நாவலுக்கு வெளியே செஞ்சாங்க. இது சுந்தர ராமசாமி எழுதாத டார்க் காமெடி.

வாத்தியாரோட கோபம்

வாத்தியார் புத்தகத்தை முழுசாப் படிச்சார். ஓரத்துல பென்சில்ல கோடு போட்டு, சில இடத்துல ஆச்சர்யக்குறி, சில இடத்துல பெருக்கல் குறி. "நல்ல எழுத்து, அதுல சந்தேகம் இல்லை"ன்னு ஆரம்பிச்சார். நம்ம ஊர்ல 'ஆனா'வுக்கு முன்னாடி வர்ற பாராட்டு எப்பவுமே ஆபத்து. "ஆனா தம்பி, இவரு யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரு? முற்போக்கு எழுத்தாளன்னா ஒரு கேலிப் பொம்மையா?"

இந்தக் கோபத்துக்குப் பின்னாடி ஒரு பழைய உறவு இருக்கு. சுந்தர ராமசாமி இளம் வயசுல இடதுசாரி நட்பு வட்டத்துல இருந்து வந்தவர். 'சாந்தி', 'சரஸ்வதி' பத்திரிகைகள்ல எழுதினவர். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1963-ல இறந்தப்போ அவரைப் பத்தி எழுதின 'காற்றில் கலந்த பேரோசை' கட்டுரையைப் படிச்சு இன்னிக்கும் கண்கலங்குறவங்க உண்டு. அப்படிப்பட்டவர், முல்லைக்கல் மாதவன் நாயர்ங்கிற முற்போக்கு எழுத்தாளர் பாத்திரத்தை வெச்சு, மக்களுக்காக எழுதுறேன்னு சொல்லிக்கிட்டே கைதட்டலுக்காக எழுதுறவங்களைத் தோலுரிச்சார். எதிர்க்கட்சிக்காரன் திட்டினா தாங்கிக்கலாம், பங்காளி திட்டினா? 'நம்பிக்கை வறட்சி', 'மேட்டிமைத்தனம்'னு இடதுசாரி விமர்சகர்கள் பதிலுக்கு வெளுத்தாங்க. இடதுசாரிகள் மட்டும் இல்லை. சாரு நிவேதிதாவும் இந்த நாவலைக் கடுமையா எதிர்த்து எழுதினார்.

வாத்தியார் கேட்ட கேள்விக்கு எங்க மண்ணுல தனி எடை உண்டு. எங்க விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டுல ஒரு மனுஷர் இருந்தார். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. ஊர்ல கடை வெச்சிருந்தார். கடையில உட்கார்ந்தே கரிசக்காட்டுச் சனங்களோட கதையை எழுதி, 2007-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினார். மேலாண்மை பொன்னுச்சாமி. வாத்தியாருக்கு எழுத்தாளன்னா அவர்தான் அளவுகோல். "பொன்னுச்சாமி கதையில சிரிப்பு இல்லையா? இருக்கு. ஆனா, அது படிக்கிறவனை வெளியே தள்ளாது"ன்னார்.

நான் வாத்தியார் கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. ஆனா, எங்க சித்தப்பா ஜோக் எனக்கு இங்கே உதவுது. ஒருநாள், எனக்கு அப்போ பதினாறு வயசிருக்கும், சித்தி வாசல்ல நிக்கும்போது சித்தப்பா சொல்றதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டு அந்தப் 'பார்சல்' ஜோக்கைச் சொல்லிட்டேன். சித்தப்பா ஓங்கி ஒண்ணு விட்டார். அதுவரைக்கும் அவர் என்னை அடிச்சதே இல்லை. வார்த்தை அதேதான். ஆனா, மருந்து ரூமுக்குள்ள போறவர் அவர், நான் இல்லை.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சு அத்தனை பேர் போனதுக்கு அப்புறம் ரொம்ப நாளைக்கு அவரும் அந்த ஜோக்கைச் சொல்லலை. சித்தி கேட்டா, "வந்துருவேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போவார். 2021 பிப்ரவரியில அச்சங்குளத்துல வெடிச்சப்போ அவர் வேலையை விட்டிருந்தார். டி.வி-யை அணைச்சிட்டுப் போய்ப் படுத்துட்டார்.

அதனால, ஒரு டார்க் காமெடியைப் படிக்கும்போது 'இதுக்கு எல்லாம் சிரிக்கலாமா?'ன்னு கேக்கிறதை விட, சொல்றவன் ரூமுக்கு உள்ள நிக்கிறானா, வெளிய நிக்கிறானான்னு பார்க்கிறது எனக்கு வழக்கமாயிடுச்சு. ஜே.ஜே நாவல்ல சுந்தர ராமசாமி உள்ளதான் நிக்கிறார்னு நான் நினைக்கிறேன். அவர் சிரிக்கிறது எழுத்தாளர்களைப் பார்த்து, அவரும் எழுத்தாளர். ஜே.ஜே பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி ஓடுற பாலுவைத்தான் நாவல் அதிகமா சீண்டுது, அந்தப் பாலு கிட்டத்தட்ட அவர்தான். வாத்தியார் இதை ஒத்துக்கலை. "பாலுவைச் சீண்டுறது செல்லமா, முல்லைக்கல்லைச் சீண்டுறது விஷமா இருக்கு. ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. திரும்பப் படிச்சப்போ சில பக்கங்கள்ல அவர் சொல்றது சரியாத்தான் பட்டுச்சு.

ஒண்ணு சொல்லணும். இந்த நாவலுக்கு வந்த கோபம் எல்லாம் பெரும்பாலும் அதைப் படிச்சவங்ககிட்ட இருந்து வந்துச்சு. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' விஷயத்துல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து விநியோகம் பண்ணி, ஊரே கொதிச்சு, 2016-ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போச்சு. அதோட ஒப்பிட்டா, ஒரு நாவலை முழுசாப் படிச்சிட்டு ஓரத்துல பென்சில்ல பெருக்கல் குறி போடுற வாத்தியார் எவ்வளவோ தேவலை.

சித்திகிட்டயும் கதையைச் சொன்னேன். புத்தகம் எல்லாம் படிக்கிறதில்லை, கேப்பாங்க. "மொத வரியிலயே ஆளு செத்துட்டாரா? அப்புறம் மிச்சத்துல என்னப்பா இருக்கு?"

"அவரைப் பத்தி மத்தவங்க பேசுறது சித்தி."

"எழவு வீட்டுல பேசுற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்போ சிரிப்பு இருக்கத்தான் செய்யும்"னுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க.

நீங்க படிக்கிறதா இருந்தா ஒரு யோசனை. சுந்தர ராமசாமியை இதுவரைக்கும் படிச்சதே இல்லைன்னா, புளியமரத்துல இருந்து தொடங்குங்க. நேரா ஜே.ஜே-க்குள்ள குதிக்கிறவங்க, மதினி மாதிரி 50 பக்கத்துல மூச்சு முட்டினா பயப்படாம மூடி வெச்சிட்டு அடுத்த வாரம் எடுங்க. ரெண்டாவது பகுதி டைரியை ஒரே மூச்சுல முடிக்க வேண்டாம், தினம் ரெண்டு பக்கம் போதும். தமிழ் வாசிக்கச் சிரமப்படுற ஃப்ரெண்டுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி ஆங்கிலத்துல மொழிபெயர்த்தது 2003-ல வந்திருக்கு. தமிழ்ல இப்போ காலச்சுவடு பதிப்பு கிடைக்குது. என் பிரதியை மட்டும் கேக்காதீங்க. வாத்தியார் இன்னும் திருப்பித் தரலை. "ரெண்டாவது தடவை படிச்சிட்டு இருக்கேன், இன்னும் நாலு பெருக்கல் குறி பாக்கி இருக்கு"ங்கிறார்.